முறை, முதுசம், தேட்டம்: அந்தஸ்தும் வகிபாகமும் யாழ்ப்பாணத்தில்

சமூகவியல் முதலாம் வருட மாணவர் ஒருவரின் கேள்வி இது: அந்தஸ்தும் வகிபாகமும் ஒன்றுதானே, பிறகேன் இரண்டு சொல்? சமூகக் கட்டமைப்பு என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்து உதாரணங்களோடு ஒப்படை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாடக்குறிப்பிலோ எல்லாம் அமெரிக்க உதாரணம். என்ன செய்வது?

ஒன்றல்ல. அந்தஸ்து என்பது ஓர் இடம். அந்த இடத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதும், அதை அவர் செய்து காட்டும் விதமும் வகிபாகம். இப்படிப்பட்ட இடங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும் ஒழுங்குதான் கட்டமைப்பு. இனி விரிவாகப் பார்ப்போம்.

முதல் இடறல் ‘அந்தஸ்து’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஊர்ப்பேச்சில் அது உயர்வைக் குறிக்கும். ‘எங்கட அந்தஸ்துக்கு ஏத்த சம்பந்தம்’ என்று சொல்வது அந்தப் பொருளில்தான். சமூகவியலில் அப்படியில்லை. வைத்தியருக்கும் அந்தஸ்து உண்டு, கோயில் வாசலில் கையேந்துபவருக்கும் உண்டு. மருமகள், நோயாளி, பஸ் பயணி எல்லாமே அந்தஸ்துகள். ஓர் இடத்துக்குக் கிடைக்கும் உயர்வு தாழ்வை ‘மதிப்பு’ என்று தனியாக எழுதுங்கள். ‘அவருக்கு அந்தஸ்து இல்லை’ என்று ஒப்படையில் ஒரு வசனம் வந்தால், எழுதியவருக்குப் பாடம் விளங்கவில்லை என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். 1936 இல் ரால்ஃப் லின்ரன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கொடுத்த வரையறை இன்றைக்கும் உதவும்: அந்தஸ்து என்பது உரிமைகளும் கடமைகளும் சேர்ந்த ஒரு தொகுப்பு, அவற்றைச் செயலில் காட்டும்போது அது வகிபாகம். ஒருவர் அந்தஸ்தில் இருக்கிறார், வகிபாகத்தை ஆற்றுகிறார்.

அந்தஸ்தா, வகிபாகமா, ஆளா என்று குழம்பினால் ஒரு சோதனை உண்டு. ஆள் மாறினாலும் இடம் இருக்குமா? விதானையை, அதாவது கிராம அலுவலரை, எடுங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போகிறார், இன்னொருவர் வருகிறார், சில பிரிவுகளை அயல் பிரிவுக்காரர் பதிலுக்குப் பார்க்கிறார். வதிவிடச் சான்றிதழும் வாக்காளர் பதிவும் நிற்பதில்லை. இடம் அந்தஸ்து, சான்றிதழ் கொடுப்பது வகிபாகம், பிரதேச செயலாளர், விதானை, ஊர்ச்சனம், பொலிஸ் ஆகிய இடங்களுக்கிடையே உள்ள பிணைப்பு கட்டமைப்பின் ஒரு துண்டு. ஆட்கள் மாற, வடிவம் நிலைக்கிறது என்பதைத்தான் பிரித்தானிய மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிறவுண் 1940 இல் சமூகக் கட்டமைப்பு பற்றிப் பேசும்போது வலியுறுத்தினார்.

இதே உதாரணத்துக்குள் இன்னொன்றும் கிடக்கிறது. பழைய கிராமத் தலைமைக்காரர் பதவி 1963 இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி வந்தது. அதற்கு முன் விதானைமார் பெரும்பாலும் ஊரில் செல்வாக்கான குடும்பங்களிலிருந்தே வந்தார்கள். பிறகு போட்டிப் பரீட்சை எழுதி வந்தார்கள். பதவிக்கு வரும் வழி மாறியது, பெயரும் மாறியது. சனம் இன்னும் ‘விதானை’ என்றுதான் கூப்பிடுகிறது. வீட்டுப் பெயர்களும் அப்படித்தான்: விதானையார் வீடு, ஓவசியர் வீடு, தபால் மாஸ்டர் வீடு. வேலை பார்த்தவர் இறந்து இரண்டு தலைமுறை ஆனாலும் பேரப்பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். வகிபாகம் முடிந்த பிறகும் அந்தஸ்தின் நிழல் நீளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

கட்டமைப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: முறை. ‘அவர் உனக்கு என்ன முறை?’ என்றால் உறவைக் கேட்கிறோம். ‘இது முறையில்லை’ என்றால் நடத்தையைக் கண்டிக்கிறோம். இடத்தையும் அதற்குரிய நடத்தையையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது மொழி. தகப்பனின் அண்ணன் மகன் உங்களுக்கு அண்ணன். தகப்பனின் அக்கா மகன் மச்சான். இரத்த நெருக்கம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதலாமவரை ஒரு பெண் கட்ட நினைக்கவே கூடாது, இரண்டாமவர் கட்டக்கூடிய முறை. ஓர் ஆணுக்குத் தம்பியின் மகன் பெறாமகன், தங்கச்சியின் மகன் மருமகன். இந்த வேறுபாட்டை உயிரியல் தரவில்லை, கட்டமைப்புத் தருகிறது. முறை தப்பி ஒரு கலியாணம் நடந்துவிட்டால் சிக்கல் எங்கே வருகிறதென்று கவனியுங்கள்: முதலில் கூப்பிடும் சொல்லில் வரும். நேற்றுவரை சித்தப்பா, இன்றைக்கு மச்சான் என்றால் எந்தச் சொல்லால் அழைப்பது? சனம் அழைப்பதையே தவிர்த்துவிடும். அந்த மௌனம் ஒரு தரவு. குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் காலியாக விடப்படுவதில்லை என்பதையும் சடங்குகளில் பார்க்கலாம். சைவக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன் தோழனாக நிற்பான், மாப்பிள்ளையின் கால் கழுவுவான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். பெண்ணுக்குச் சகோதரன் இல்லையென்றால்? சகோதர முறையான ஒரு பொடியனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய மகன் கனடாவிலிருந்து வர முடியாவிட்டால் பெறாமகன் வைப்பார். ஆளைத் தேடுகிறார்களே தவிர இடத்தை நீக்குவதில்லை.

செத்தவீடு ஒன்றை அப்படியே ஒரு பாடமாக எழுதலாம். கொள்ளிக்குடம் யார் தூக்குவது, நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் யார் யார், சுண்ணம் இடிப்பது யார், பெண்கள் எந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள், சைவக் குருக்கள் எப்போது பேச, மற்றவர்கள் எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்று எல்லாம் இடங்களாகப் பிரிந்து கிடக்கும். அதிலும் துடக்கை, அதாவது சாவுக்குப் பின் உறவினரைக் கோயிலிலிருந்து சில நாள் விலக்கும் தீட்டை, தவற விடாதீர்கள். யாருக்குத் துடக்கு, யாருக்கு இல்லை என்று ஊரில் விசாரித்து எழுதினால், அந்தக் குடும்பத்தின் எல்லை எங்கே முடிகிறது என்ற வரைபடம் உங்கள் கையில் கிடைத்துவிடும். அடையாள அட்டையிலோ வாக்காளர் இடாப்பிலோ அது கிடைக்காது.

உரிமையும் கடமையும் சேர்ந்த தொகுப்பு என்றால் என்னவென்று காட்டக் கோயில் திருவிழா உபயத்தை எடுங்கள். ஐந்தாம் திருவிழா இன்ன குடும்பத்துக்குரியது என்றால், அன்றைய செலவும் ஒழுங்கும் அவர்கள் தலையில். பூசையின்போது குருக்கள் சொல்லும் சங்கற்பத்தில் பெயர் சொல்லப்படுவதும், கோயில் மரியாதையாகத் தரும் காளாஞ்சியைப் பெறுவதும் அவர்கள் உரிமை. கடமையைச் செய்யாமல் உரிமையை மட்டும் கேட்டால் சண்டை. செலவழித்தவருக்குக் காளாஞ்சி முந்தாமல் வேறொருவருக்கு முந்திப் போனால் அதைவிடப் பெரிய சண்டை. தேங்காயும் வெற்றிலை பாக்கும் பெறுமதியால் சண்டைக்குரியவை அல்ல; யார் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை எல்லோர் முன்னிலையிலும் உறுதிசெய்வதால்தான் அவற்றுக்கு அந்தக் கனம்.

உபயகாரர் வீட்டில் திருவிழாவுக்கு நாலு நாள் முன் ஒரு சாவு விழுந்தால்? உபயகாரர் என்ற இடம் கோயிலுக்கு வா என்கிறது, துடக்குக்காரர் என்ற இடம் வராதே என்கிறது. இதுதான் பாடநூல் சொல்லும் வகிபாக முரண்பாடு. ஆனால் இங்கே அவர் தலையைப் பிய்த்துக்கொண்டு முடிவெடுக்கத் தேவையில்லை. எது மேலோங்கும் என்று ஊர் முன்னரே தீர்த்து வைத்திருக்கிறது: துடக்கு வெல்லும், உபயத்தை இன்னொருவர் நின்று செய்வார். முரண்பாடு என்றாலே ஒருவரின் மன உளைச்சல் என்று எழுதுபவர்கள் இதைக் காண்பதில்லை. பல முரண்பாடுகளுக்குக் கட்டமைப்பே முன்னுரிமை வகுத்து வைத்திருக்கும். வகுக்காமல் விட்ட இடத்தில்தான் ஆள் நசிபடுகிறார்.

அப்படி வகுக்காமல் விட்ட இடத்துக்கு விதானையே உதாரணம். சொந்த ஊரிலேயே கடமை செய்பவரிடம் மாமா ஒருவர் வந்து, இங்கே குடியிருக்காத மகனுக்கு வதிவிடச் சான்றிதழ் கேட்கிறார். மருமகன் என்ற இடமும் அலுவலர் என்ற இடமும் மோதுகின்றன. மறுத்தால் ‘பெரிய ஆளாகிவிட்டார்’, கொடுத்தால் வேலைக்கே ஆபத்து. இரண்டு வெவ்வேறு அந்தஸ்துகள் மோதினால் அது வகிபாக முரண்பாடு. ஒரே அந்தஸ்துக்குள்ளேயே எதிர்பார்ப்புகள் இழுபட்டால் வகிபாக நெருக்கீடு. ரீச்சர் ஒருவரிடம் அதிபர் பெறுபேறு கேட்கிறார், பெற்றோர் தனிக்கவனம் கேட்கிறார்கள், பிள்ளை பாசம் கேட்கிறது, வலயக் கல்விக் கந்தோர் படிவம் கேட்கிறது. நாலும் ஆசிரியர் என்ற ஒரே இடத்துக்கு வரும் கோரிக்கைகள். அதே ரீச்சர் வீட்டில் தாயுமாக இருந்து, தன் பிள்ளையின் காய்ச்சலுக்கும் பாடசாலைப் பரீட்சைக்கும் இடையில் அகப்பட்டால் அது முரண்பாடு. இந்தப் பிரிப்புப் பாடநூல்களில் இறுகியது. நெருக்கீடு பற்றி 1960 இல் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கூட் இவ்வளவு கறாராகக் கோடு கீறவில்லை. கடமைகளை நிறைவேற்றுவதில் உணரப்படும் கஷ்டம் முழுவதையும் அவர் அந்தச் சொல்லுக்குள் அடக்கினார். பரீட்சைக்குப் பாடநூல் பிரிப்பை எழுதுங்கள், ஆனால் அதை வில்லியம் கூட் தலையில் கட்டாதீர்கள்.

ஒரே அந்தஸ்துக்காரர் பல வகையானவர்களோடு வைத்துக்கொள்ளும் இந்தத் தொடர்புகளின் கட்டுக்கு வகிபாகத் தொகுதி என்று பெயர். அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேட் மேட்டன் 1957 இல் வகுத்தது. ஒருவரிடமுள்ள பல அந்தஸ்துகளின் சேர்க்கை அந்தஸ்துத் தொகுதி. மாணவர்கள் அநேகமாக இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ரீச்சர், தாய், சங்க அங்கத்தவர், மருமகள் என்று எழுதினால் அந்தஸ்துத் தொகுதி. ரீச்சருக்கு எதிரே அதிபர், பெற்றோர், பிள்ளை, கல்வி அதிகாரி என்று எழுதினால் வகிபாகத் தொகுதி. மேட்டன் கேட்ட கேள்வி சுவாரசியமானது: இத்தனை பேர் இத்தனை திசையில் இழுத்தும் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது? அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, எல்லோராலும் எல்லா நேரமும் பார்க்க முடியாது என்பது. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் அதிபருக்கும் பெற்றோருக்கும் உள்ளே நடப்பது தெரியாது. அந்த மறைப்பில்தான் ஆசிரியர் மூச்சுவிடுகிறார். இன்னொன்று, அதே இடத்தில் இருக்கும் சக ஊழியர்களின் ஆதரவு. ஆசிரியர் சங்கம் சம்பளத்துக்கு மட்டும் உள்ளதல்ல. பெற்றோரின் வட்ஸ்அப் குழு வந்த பிறகு முதலாவது பாதுகாப்பு என்னவாயிற்று என்று ஒருவர் ஆராய்ந்து எழுதலாம்.

இனி அந்தஸ்தின் வகைகளுக்கு வருவோம். இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பிறப்பால் வந்தது, ஈட்டியது என்று லின்ரன் இரண்டாகப் பிரித்தார். பால், வயது, சாதி, மூத்த பிள்ளை என்ற இடம் எல்லாம் முதல் வகை. வைத்தியர், பட்டதாரி, சங்கத் தலைவர் எல்லாம் இரண்டாவது. இதைப் படித்தவுடன் இரண்டு பெட்டி கீறி உதாரணங்களைக் கொட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் பிரிப்பு லின்ரனுக்கு முன்பே தெரியும், அதுவும் இன்னும் நுணுக்கமாக. ஒல்லாந்தர் காலத்தில், 1706–1707 இல், திசாவை என்ற நிர்வாகப் பதவியிலிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை சொத்தை மூன்றாக வகுக்கிறது: முன்னோரிடமிருந்து இறங்கியது முதுசம், கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கணவன் மனைவி வாழ்நாளில் சேர்ப்பது தேடியதேட்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது: தகப்பனின் தேட்டம் பிள்ளைக்கு முதுசம். ஒரு தலைமுறை உழைத்துச் சேர்த்தது அடுத்த தலைமுறைக்குப் பிறப்பால் வந்ததாகிவிடுகிறது. சொத்துக்கு மட்டுமல்ல, அந்தஸ்துக்கும் இதேதான் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டை செமினறி போன்ற மிசன் கல்விக்கூடங்களில் ஆங்கிலம் படித்தவர்களும், அவர்களுக்குப் பின் மலாயாவில் றெயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை பார்த்து மீண்டவர்களும் ஈட்டிய அந்தஸ்துக்காரர்கள். அவர்களின் பிள்ளைகள் கல்வீட்டிலும் நல்ல பள்ளிக்கூடத்திலும் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை டாக்குத்தராக வந்தால் அது ஈட்டியதா, இறங்கியதா? இரண்டும்தான். ‘ஈட்டிய அந்தஸ்து என்பது திறமையால் மட்டும் வருவது’ என்று எழுதுவது பிழை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற ஊர்வாக்கும் சம்பளத்தைப் பற்றியது மட்டுமல்ல; பென்சன் உள்ள வேலையைக் குடும்பத்தின் தேட்டமாக்கிப் பிள்ளைக்கு இறக்கிவிடும் கணக்கு அதில் இருக்கிறது.

நடுவில் நிற்பது சீதனம். லின்ரனின் இரண்டு பெட்டியிலும் அது அடங்காது. மாப்பிள்ளை படித்து ஈட்டிய இடத்துக்குப் பெண்வீட்டார் காணியும் வீடும் காசுமாக விலை வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பேரம் யாரோடு நடக்கிறது? சாதிக்குள்ளே. அதாவது, ஈட்டியதை எண்ணுவது பிறப்பால் கீறிய கோட்டுக்குள்தான். இரண்டு வகை அந்தஸ்தும் ஒன்றை ஒன்று மாற்றீடு செய்யாமல், ஒன்றுக்குள் ஒன்று எப்படி இயங்குகின்றன என்பதற்குக் கலியாணப் பேச்சு ஒன்றே போதும்.

அந்தஸ்து வெறும் எண்ணமல்ல, சட்டமும் அதைக் காவல் காக்கும் என்று காட்ட வேண்டுமானால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்திலான சம்மதம் வேண்டும். அசையும் சொத்துக்கு வேண்டாம். கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதே ஆள், அதே காணி, அதே காணி உறுதிப்பத்திரம். கலியாணத்துக்கு முந்திய நாள் தனியே விற்கலாம், மறுநாள் முடியாது. மாறியது அந்தஸ்து ஒன்றுதான்.

எல்லா அந்தஸ்தும் சம எடை கொண்டவை அல்ல. மற்றவை எல்லாவற்றையும் மூடி முன்னுக்கு வந்து நிற்கும் ஒன்றை முதன்மை அந்தஸ்து என்கிறோம். சமூகவியலாளர் எவரெட் ஹியூஸ் 1945 இல் அமெரிக்கக் கறுப்பின வைத்தியரை வைத்து இதை விளக்கினார்: வைத்தியர் என்பதா, கறுப்பர் என்பதா முதலில் கண்ணுக்குத் தெரிகிறது? நமக்கு நம்முடைய உதாரணம் இருக்கிறது. ‘எந்த ஊர்?’ என்று தொடங்கி, ‘ஊரில எவடம்?’, ‘எந்தக் கோயிலடி?’, ‘ஆரின்ர பிள்ளை?’ என்று இறங்கும் விசாரணை எதைத் தேடுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பட்டமும் பதவியும் சொல்லி முடிந்த பிறகும் அந்தக் கேள்வி வருகிறதென்றால், முதன்மை அந்தஸ்து சாதிதான் என்று விளங்கும்.

மொழியில் இது இன்னும் வெளிப்படை. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. வயது மூத்தவரை ‘நீங்கள்’ என்பது பொது நியமம். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பெரியவரை ஆதிக்க சாதிச் சிறுபிள்ளை ‘நீ’ என்று அழைத்த காலம் உண்டு. வயது என்ற பிறப்புவழி அந்தஸ்தைச் சாதி என்ற பிறப்புவழி அந்தஸ்து அமுக்கியது. ‘நீர்’ சுவையானது: முழு மரியாதையுமல்ல, அவமதிப்புமல்ல. பழைய மாணவர் கல்விப் பணிப்பாளராக வந்து நிற்க, இளைப்பாறிய ஆசிரியர் ‘இரும்’ என்கிறாரா, ‘இருங்கோ’ என்கிறாரா என்று காதைக் கொடுங்கள்.

சட்டம் மாறினால் நியமமும் உடனே மாறும் என்று எழுதிவிடாதீர்கள். சாதியைக் காட்டிக் கோயில், கடை, பாடசாலை போன்ற இடங்களில் ஒருவரைத் தடுப்பது 1957 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் குற்றமானது. ஆனாலும் 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போக வேண்டியிருந்தது; 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடக்க வேண்டியிருந்தது. கட்டமைப்பு தானாக மாறவில்லை, தங்களுக்கு ஒதுக்கிய வகிபாகத்தை ஆற்ற மறுத்தவர்கள் அதை மாற்றினார்கள். ‘சாதி என்பது தொழிற்பிரிவு’ என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இந்த மறுப்பை விளக்க முடியாமல் திணறுவார்கள்.

இடப்பெயர்வைச் சேர்க்காமல் யாழ்ப்பாணத்து அந்தஸ்தைப் பற்றி எழுத முடியாது. 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதிச் சனம் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது, வளவும் படலையும் கோயில் உபயமும் பின்னால் நின்றுவிட்டன. அவற்றில் தொங்கிய இடங்களும் அப்படியே. அதிபரும் தோட்டக்காரரும் ஒரே நிவாரண வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் ‘இடம்பெயர்ந்தவர்’ என்பதே முதன்மை அந்தஸ்து. இதை வைத்து எல்லாம் சமமாயிற்று என்று எழுதினால் பிழையாகிவிடும். வரிசை ஒன்று, கிணறும் பந்தியும் அப்படி இருந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். போரில் குடும்பத்து ஆணை இழந்த வீடுகளில் பெண் குடும்பத் தலைவியின் வகிபாகத்தை முழுதாக ஆற்றியும், அந்த அந்தஸ்தை ஊர் அரைகுறையாகவே ஒப்புக்கொண்டது. சுபகாரியத்தில் அவரை முன்னுக்கு விடாத வழக்கம் அதற்குச் சாட்சி. வகிபாகம் கைக்கு வருவதும் அந்தஸ்து கிடைப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

ஒப்படைக்கு வருவோம். முழு யாழ்ப்பாணத்தையும் எழுதப் போகாதீர்கள். ஒரு கோயில் திருவிழா நாள், ஒரு சங்கக்கடை, ஒரு செத்தவீடு என்று ஒன்றைப் பிடியுங்கள். ஆட்களின் பெயரை எழுதாமல் இடங்களை மட்டும் எழுதுங்கள். எட்டுப் பத்து இடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் உரிமை எது, கடமை எது, யாரோடு பேச வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்று நாலு நிரல் போடுங்கள். தண்டனை நிரல் முதலில் வெறுமையாகத் தோன்றும், ஏனென்றால் இங்கே தண்டனை பொலிசும் வழக்கும் அல்ல. பந்திக்குக் கூப்பிடாமல் விடுவது, காளாஞ்சியைப் பிந்தித் தருவது, ‘வாங்கோ’ என்று சொல்லாமல் விடுவது. பிறகு எந்த இடத்துக்குப் பிறப்பு வேண்டும், எதற்குத் தகுதி வேண்டும், எதற்கு இரண்டும் வேண்டும் என்று அடையாளமிடுங்கள். மூன்றாவது வகைதான் ஒப்படையின் சாறு.

அந்தஸ்து வேறுபாட்டைத் தளர்த்தும் இடங்களையும் தேடுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் எல்லோரும் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அமைச்சரானாலும் கூலிக்காரரானாலும். உடுப்பு சொல்லும் அந்தஸ்தை வாசலிலேயே இறக்கிவைக்கும் விதி அது. ஆனால் உள்ளே யாருக்கு வழி விடுகிறார்கள் என்பதையும் பார்த்து எழுத வேண்டும்.

நேர்காணலில் ‘உங்கள் சாதி என்ன?’ என்று நேரே கேட்க வேண்டாம். கதவு மூடிக்கொள்ளும், மனமும் நோகும். உபயம் எத்தனையாம் திருவிழா, எப்போதிருந்து, அதற்கு முன் யார் செய்தார்கள், இந்த வருடம் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர் பெயரில் யார் நின்று செய்தார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் அரைப் பக்கமாவது எழுதுங்கள். காசு ஒருவருடையது, சங்கற்பத்தில் பெயர் ஒருவருடையது, வியர்த்து நின்றவர் இன்னொருவர். அந்தஸ்தும் வகிபாகமும் வேறு வேறு ஆட்களிடம் பிரிந்து கிடப்பதை அங்கே காணலாம்.